நாற்காலியைச் சுற்றிய சமயபுரத்துக் கயிறு

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறுக்கே வியர்வை. காவேரியில் மணல்தான். பி.பி. மாத்திரை ஆயிற்று. தண்ணீர் மோட்டார் போட்டது 6.40.

பேத்தி மீரா ஜெர்மனியிலிருந்து படம் அனுப்பியிருக்கிறாள். துவாக்குடியில் கட்டடக்கலை படிப்பவள், வகுப்போடு போயிருக்கிறாள். டிசைன் மியூசியமாம். வெள்ளை மேடை, மேலே வளைத்த இரும்புக் குழாயில் ஒரு நாற்காலி. பின்கால் கிடையாது. அழகு என்கிறாள். பல் டாக்டர் வாசலில் போடுகிற சாமான். நாற்பது வருடம் பாய்லர் குழாய் வரைபடம் போட்டவன் நான். இவ்வளவு நெருக்கி வளைத்தால் குழாய் நசுங்கியே தீரும். எழுதினேன். நிரூபிக்கச் சொன்னாள்.

நாளையும் அங்கேதானாம். வளைவில் நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுக்கச் சொன்னேன். பட்டறையில் செய்வதுதான்.

ஜூன் 4, புதன்

பால் லேட்.

டேப், பை எல்லாம் மியூசியம் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். மீரா மணிக்கட்டிலிருந்த சமயபுரத்துக் கயிற்றை அவிழ்த்து நாற்காலியில் சுற்றியிருக்கிறாள். அலாரம். காவலாளி வெளியே அனுப்பிவிட்டான். மீதி நாட்கள் அறையிலேயே இருக்க வேண்டும், ஊர் திரும்பியதும் விசாரணை என்று பேராசிரியர் உத்தரவு.

மகன் சேகர் ஸ்பீக்கரில் போட்டுத் திட்டினான்.

"அது என்ன கோயில் மரமாடி, கயிறு கட்ட?"

"சும்மா, தோணுச்சுப்பா."

என் பெயர் வரவில்லை. பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே அளவில்.

ஜூன் 5, வியாழன்

தூக்கம் சரியில்லை. தொடக்கூடாது என்றால் அது என்ன நாற்காலி? அந்த மியூசியமே வெள்ளை வெள்ளையாய் ஆஸ்பத்திரி மாதிரி. திமிர்.

மீரா எழுதியிருக்கிறாள்: "நான் சொல்லல தாத்தா. கவலப்படாதீங்க." அதுதான் சுடுகிறது.

சேகரிடம் சொல்ல வேண்டியவை:
1. அளவு கேட்டது நான்.
2. நூல் யோசனையும் என்னுடையது.
3. நேற்று வாய் திறக்காதது.

போனேன். கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். கோழை.

ஜூன் 6, வெள்ளி

கா. 8.10. சொல்லிவிட்டேன். சேகர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"புரபசருக்கு நீங்களே எழுதுங்க. இனிமே அவகிட்ட எதுவும் கேக்காதீங்கப்பா."

மருமகள் எப்போதும் காபியைக் கையில் தருவாள். இன்று மேசையில் வைத்தாள்.

பேராசிரியருக்கு மெயில், 9.30. தவறு முழுவதும் என்னுடையது. குழாய் நசுங்கியிருக்கிறதா என்று அறிய அந்த அளவு அவசியமாக இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டே அனுப்பினேன்.

மாலை மீராவிடமிருந்து படம். கயிறு, பக்கத்தில் ஸ்கேல். பேனாக் குறி 79 மி.மீ. அப்படியானால் விட்டம் 25. கணக்குப் போட்ட பிறகுதான் உறைத்தது. குழாய் நசுங்கினால் வடிவம்தான் மாறும், சுற்றளவு அப்படியே இருக்கும். எந்தக் கயிறும் காட்டாது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும்.

மெயில் போய்விட்டது.