இந்த வருஷம் நான்தான் சவம்

என் அன்பு மச்சான் கதிர்வேலுக்கு,

போன இடத்தில் கண்ணை மூடி நிம்மதியாகப் படுத்திருப்பாய். அதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்பது ஊரறிந்த சேதியாயிற்றே. இங்கே எனக்குக் கண்ணை மூட நேரமில்லை. நம் மண்டலத் தடய அறிவியலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் இந்த முறை திருப்பூரில் நடக்கிறது. வழக்கம்போல் நான்தான் செயலாளர்.

நம்மூரில் நடத்துங்கள் என்று நான் எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். நல்ல ஓட்டல் இல்லை, விமானத்தில் வருகிறவர்களுக்குத் தோதில்லை என்று ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தார்கள். இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை. தலைவரம்மாவே எழுந்து, "நம்ம கதிர்வேல் சார் பொறந்த ஊருங்க. அவரு நெனப்பா இந்த வருசம் திருப்பூர்லயே வெச்சுக்கலாமுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் அதே ஊர்க்காரன்தானே மச்சான்? மங்கலம் ரோட்டில் உன் வீட்டுக்கு அடுத்த வீதியில் பிறந்தவன், உன் தங்கையையே கட்டியவன். அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. செத்தவன்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்பாய். நீ போனால் குறைந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நடக்கிற வேலைகளைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பல்லடம் ரோட்டில் கல்யாண மண்டபம் ஒன்று பிடித்தாயிற்று. ரயிலடியிலிருந்து ஆட்களைக் கூட்டிவர பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் வேன் தருகிறார். ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டுத்தான் வரும், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். மதியத்துக்கு அரிசிம்பருப்பு சாதம் போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்று சேர்த்திருக்கிறேன். உனக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை, எனக்கும் பிடிக்கும்.

வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு டீ-சர்ட் உண்டு. வெள்ளையில் அடித்துத் தருகிறேன் என்று கம்பெனிக்காரர் சொன்னதும், உன் நூலிழைப் பிரிவில் இப்போது இருக்கும் மேகலா சிரித்துவிட்டாள். "வெள்ளப் பருத்தி வேண்டாமுங்க சார். கதிர்வேல் சார் வந்து சண்டைக்கு நிப்பாரு" என்றாள். நீ வகுப்புக்கு வகுப்பு சொல்வாயே, வெள்ளைப் பருத்தி இழை எல்லார் சட்டையிலும் இருக்கும், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பாருங்கள் என்று. ஒருமுறை மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டினாய். "எங்க மாப்ளயும் வெள்ளப் பருத்திதானுங்க, எங்க பாத்தாலும் இருப்பாரு." மண்டபமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி மாணவர்களுக்கு வருஷாவருஷம் நடத்துவோமே, மாதிரிக் குற்றக் களப் போட்டி, அதில்தான் சிக்கல். ஒரு அறையைக் கொலை நடந்த இடம்போல ஜோடித்து, சாயத்தை ரத்தமாகத் தெளித்து, நடுவில் உன்னைச் சவமாகப் படுக்கவைப்போம். அணி அணியாக வந்து தடயம் தேடுவார்கள். காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் நீ மூச்சு விடுவதுகூடத் தெரியாது. கடைசி அணி போனதும் எழுந்து சட்டையைத் தட்டுவாய். எங்கிருந்துதான் அவ்வளவு கைதட்டல் வருமோ! சாயம் கலக்கி, கயிறு கட்டி, நாற்காலி போட்ட நான் கதவோரம் நின்றிருப்பேன்.

இந்த வருஷம் யார் படுப்பது என்ற கேள்வி கமிட்டியில் வந்தது. கடைசியில் தலைவரம்மா, "சாக்பீஸ்ல கோடு மட்டும் போட்டுட்டு, நடுவுல காலியா விட்றலாமுங்க. அவரு எடம் அவருக்கே இருக்கட்டும்" என்றார். மேகலா கண்ணைத் துடைத்தாள். "ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம கெடப்பாருங்க. அந்த மாதிரி மனுசன் இனி எங்கீங்க?" என்று இன்னொருவர் சொன்னார்.

தண்ணி குடிக்காமலா? நாக்கைக் கடித்துக்கொண்டேன் மச்சான்.

உன் வலது கால் பெருவிரல் லேசாக ஆடினால் உனக்குத் தாகம் என்று அர்த்தம். அது நம் இருவருக்கு மட்டும் தெரியும். கதவோரம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த விரலைத்தான். ஆடியதும் அடுத்த அணியை வாசலிலேயே மறித்து, "சித்த இருங்க கண்ணு, சாயம் காயட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உன் வாயில் ஸ்ட்ராவை வைப்பேன். நீ கண்ணைக்கூடத் திறக்கமாட்டாய்.

காலி இடத்துக்கும் கைதட்டல் வாங்கப் போகிறாயே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "சவமே இல்லாம பசங்க எதைப் பாத்துக் குறிப்பெடுப்பாங்க? நான் படுக்கறேனுங்க" என்றேன். "நீங்க படுத்துட்டா மத்த வேலைய யாருங்க பாக்கறது?" என்றார் தலைவரம்மா. வீட்டுக்கு வந்தால் உன் தங்கை தேவி அதற்கு மேல். "எங்கண்ணன் எடத்துல நீங்களா? அஞ்சு நிமிசம் சும்மா உக்காந்திருப்பீங்களா நீங்க?" அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒத்திகை. இந்த முறை அறையைச் சின்ன பனியன் கம்பெனிபோல ஜோடித்திருக்கிறோம். கட்டிங் மேஜைக்குக் கீழே துண்டுத் துணிக் குவியல், அதன் பக்கத்தில் நான். கண்ணை மூடியதும் காது திறந்துகொண்டது. சமையல்காரர் யாரிடமோ, "அரிசிம்பருப்பு வேண்டாம், தக்காளி சோறு போட்டுக்கலாம்" என்று சொல்வது கேட்டது. "அதெல்லாம் ஆகாதுங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். சவம் எழுந்ததில் மேகலா அலறியே விட்டாள். பிறகு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "கதிர்வேல் சாருக்கு இதெல்லாம் காதுலயே உழுகாதுங்க" என்று ஒருவர் சொன்னார். விழாமல் என்ன? மாப்பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று நீ பேசாமல் கிடந்தாய்.

மறுபடி படுத்தேன். இந்தத் தடவை அசையவில்லை. பஞ்சுத் தூசி தொண்டையை அடைத்தது, நல்ல தாகம். என்னை அறியாமல் என் பெருவிரல் ஆடியது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

போன தையில் உன்னை வாசலில் கிடத்தியிருந்த நாள் அப்போது ஞாபகம் வந்தது. எல்லோரும் உன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் காலடியில் நின்றுகொண்டேன். அவ்வளவு வெயிலில் இவன் எத்தனை நேரம் தாங்குவான் என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் சித்தப்பா வந்து இரண்டு பெருவிரலையும் சேர்த்துத் துணியால் கட்டினார். "இறுக்கிக் கட்டாதீங்க மாமா" என்றேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று யாரோ என்னைத் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள்.

கைதட்டலுக்குத்தான் உன்மேல் பொறாமைப்படுகிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது கிடக்கட்டும், அதை நீயே வைத்துக்கொள். உன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்க உனக்கு ஒருவன் இருந்தான். எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் படுத்து, நீ கதவோரம் நின்றிருந்தால் பார்த்திருப்பாயா? இல்லை, பந்தியில் போய் வடையை எடுத்துக்கொண்டு யாரையாவது சிரிக்கவைத்துக்கொண்டிருப்பாயா? இதற்காவது ஒரு பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இந்தக் கடிதம் விழா மலரில் வரும். போட்டி காலையில் முடிந்துவிடும், மலரை மாலையில்தான் வெளியிடுகிறோம். நிகழ்ச்சி நிரலைப் போட்டவன் நான், தெரிந்தேதான் அப்படிப் போட்டேன். இதைப் படித்துவிட்டு யாராவது பாவப்பட்டுத் தண்ணீரோடு வந்து நிற்பதை என்னால் தாங்கமுடியாது. அந்த வேலை நம் இருவருக்குள் இருந்த வேலை. அதை நான் வேறு ஒருவருக்கும் தரமாட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். அன்றைக்குச் சாம்பார் அண்டாவே கவிழ்ந்தாலும் எழமாட்டேன். கடைசி அணி போகும்வரை கிடப்பேன். நடுவில் ஒரே ஒருமுறை வலது கால் பெருவிரலை ஆட்டுவேன். கொஞ்ச நேரம் பார்ப்பேன். அப்புறம் தாகத்தோடேயே கிடப்பேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
இன்னும் வயிறெரியும் உன் மாப்பிள்ளை,
நடராஜ்