மதில் பாயாத அண்ணைக்கு

என் அன்புக்குரிய அண்ணை,

1. நான் சூசை மரியதாசன். அஜின்கோர்ட்டில் வசிக்கும் சட்டத்தரணி. உங்கள் ஒரே தம்பி.

2. கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே கீழே எழுதுகிறேன்.

சேமக்காலையில் உங்கள் கல்லறைமேல் நடவிருக்கும் கல்லுக்கான வாசகத்தை உங்கள் மகள் ஷெறின் தெரிவுசெய்திருந்தாள்: ‘பெர்லின் மதிலைப் பாய்ந்து கடந்தவர்.’ உங்கள் மல்வேர்ன் வீட்டில் பிள்ளைகள் தாங்களாகவே வளர்த்த கதை அது. நீங்கள் சிரித்தீர்கள், மறுக்கவில்லை. கல்லில் வெட்டியதைப் பின்னர் திருத்த இயலாது என்பதால், முதலில் இடத்தைப் பார்ப்போம் என்றேன். உங்கள் மனைவியான மச்சாள், ஷெறின், நான் மூவரும் பெர்லினுக்குப் போனோம்.

நகரைப் பிரித்த மதிலின் ஒரு துண்டை நினைவுக்காக அப்படியே விட்டிருக்கிறார்கள். ஷெறின் அண்ணாந்து பார்த்தாள்.

“சித்தப்பா, பல்ப் மாத்தவே அப்பா கதிரையில ஏறமாட்டார். உதில எப்பிடி ஏறினவர்?”

“ஏறினது நான். கொப்பா கீழ நிண்டு கதிரையைப் பிடிச்சவர்,” என்றார் மச்சாள்.

அருகில், கடக்க முயன்று உயிரிழந்தவர்களின் படங்கள். பலர் இளைஞர்கள். ஒரு முகத்தின் முன் ஷெறின் நின்றுவிட்டாள்.

“இவையின்ர ஊர்தானே இது? இவையைச் சுட்டுப்போட்டு அப்பாவை மட்டும் ஏன் விட்டவை?”

அதன் பிறகு நான் பேசாமல் இருப்பது முறையல்ல. ஒருமுறை நீங்கள் என்னிடம் சொன்னதைச் சொன்னேன்: அகதியாக விமானத்தில் கிழக்குப் பக்கம் வந்திறங்கி, எல்லை நிலையத்தில் பாஸ்போட்டைக் காட்டி, நிலத்தடி ரெயிலில் மேற்கே போனீர்கள். அந்த ஊர்ச் சனத்துக்குப் பூட்டியிருந்த கதவு, அந்நியரான உங்களுக்குத் திறந்தது. மதிலை நீங்கள் கண்ணாலும் காணவில்லை.

அதனால்தானா அண்ணை, சிரித்துவிட்டு உடனே கதையை மாற்றுவீர்கள்? இந்த முகங்களை நீங்கள் அறிந்திருந்தீர்களா?

“எனக்குத் தெரியும்,” என்றார் மச்சாள். “கலியாணம் பேசேக்கயே சொன்னவர். ரெயில்ல நித்திரையாகி, இறங்கிற இடமும் தப்பிப்போச்சாம். பெரிய வீரன்!”

ஷெறின் சிரித்தாள், சிரிப்பு முடியுமுன் அழுதாள். உங்கள் பெயரால் மதிலடியில் வைக்கக் கொண்டுவந்த பூக்கள் அவள் கையில் இருந்தன.

“அம்மா, இதை இவருக்கு வைக்கட்டே?”

“வை பிள்ளை. கொப்பாவும் உதைத்தான் சொல்லியிருப்பார்.”

பிறகு நீங்கள் ரெயில் ஏறிய அந்த எல்லை நிலையத்துக்குப் போனோம். மச்சாள் நாலு ரிக்கற் எடுத்தார்.

“மச்சாள், நாங்கள் மூண்டு பேர்தானே?”

“உங்கட அண்ணை அண்டைக்கு ரிக்கற் எடுத்திருப்பார் எண்டு எனக்கு நம்பிக்கையில்லை, தம்பி.”

இது குறித்துக் கருத்துக் கூறுவதை நான் தவிர்க்கிறேன். நாலுக்கும் அவரே இயந்திரத்தில் முத்திரை குத்தினார். ரெயில் நிலத்துக்குக் கீழே பழைய எல்லையைக் கடந்தது. எந்த இடத்தில் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஷெறின் வாசகத்தை மாற்றிவிட்டாள், அண்ணை. உங்கள் பெயருக்குக் கீழே ‘ரெயிலில் வந்தவர்’ என்று மட்டும் இருக்கும். பார்ப்பவர்கள் விளங்காமல் கேட்பார்கள். கேட்கட்டும், நாங்கள் அந்த முகங்களையும் சேர்த்துச் சொல்வோம்.

நாலாவது ரிக்கற் என் கோட்டுப் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. கல் நடும் நாளில் அதன் அடியில் வைப்பேன். உங்களிடம் ரிக்கற் இல்லை என்று இனி ஒருவரையும் சொல்ல விடமாட்டேன். இது என் உறுதிமொழி.

உங்கள் தம்பி,
மரியதாசன்

சாட்சிகள்:
றீற்றா அன்ரனி, மனைவி
ஷெறின் அன்ரனி, மகள்