பூனை மீது ஒரு தீர்மானம்

அன்பு மகளே,

பூனையின் பால் கிண்ணத்தைப் பரணில் ஏற்றிவிடுவதென்று வெள்ளிக்கிழமை நம் குடும்பம் ஏகமனதாகத் தீர்மானித்தது. பெரியப்பா தலைமை வகித்தார்.

உனக்குக் கேட்கும் குரல்களுக்கும் பூனையிடமிருந்து பரவும் ஓர் ஒட்டுண்ணிக்கும் தொடர்பு இருக்கலாம், இன்னும் நிரூபணமாகவில்லை என்றார் டாக்டர். உன் ரத்தத்தில் அந்தத் தொற்றின் தடயம் இருக்கிறதாம்.

“இருக்கலாம்னுதானே சொன்னாரு?” என்றாள் அம்மா.

“நம்ம வம்சத்துல யாருக்கு இப்படி வந்திருக்கு? எல்லாம் அந்தச் சனியன் வேலைதான்,” என்றார் பெரியப்பா.

குரல்கள் கேட்டு, பூட்டிய அறையிலேயே செத்துப்போன எங்கள் தங்கையை, உன் அத்தையை, யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நானும்தான். பல நாள் கழித்து அன்று அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துக்கொண்டு, பூனையின் உயிரை முடிக்கும் கடைசி ஊசியைப் போட்டார். பரிசோதனை முடிவு இன்று வந்தது. பூனைக்கு அந்தத் தொற்று இருந்ததே இல்லை.

உன் அப்பா