சட்டைப் பையில் வந்த சீட்டு

அன்புள்ள என்னவருக்கு,

பாப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதை எழுதத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வித்தை நடக்காது. பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. பெரிய விமானக் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. உங்கள் பெயருக்கு வந்த உறையை நானே பிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். எட்டு வாரத்தில் நேர்முகத் தேர்வு. அதற்குள் ஜெட் விமானத்தில் ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டுமாம். உங்களுக்கு நானூற்று முப்பத்தெட்டு ஆகியிருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். இன்னும் அறுபத்திரண்டுதான். விமானி வேலை கிடைக்காமல், லைசென்ஸைப் பீரோவில் பூட்டிவிட்டு நீங்கள் இரண்டு வருடம் பார்சல் வண்டி ஓட்டினீர்கள். அப்போது, "சரக்குக் கம்பெனியா இருந்தா என்ன, பழசா இருந்தா என்ன, ஜெட்டுதானே, போய்ச் சேருங்க" என்று உங்களைப் பிடித்துத் தள்ளியவள் நான். அதை நான் மறக்கவில்லை.

இனி அடுத்த செய்தி. போன வாரம் வந்தபோது நீங்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போன வெள்ளைச் சட்டையில் பேனா கசிந்திருந்தது. மை எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று பார்க்கப் பையைத் துழாவினேன். நாலாக மடித்த ஒரு சீட்டு கைக்கு வந்தது. உங்கள் கையெழுத்து. "பெரியம்மா. இடது எஞ்சின். இறங்கும்போது ஆயில் பிரஷர் விழுகிறது. அதிர்வு. இரண்டாவது தடவை." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்.

உங்களைவிட ஏழு வயது மூத்த விமானத்துக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருப்பதைக் கேட்டு நானும் சிரித்தவள்தான். சீட்டு வழக்கத்தையும் நீங்கள்தான் சொன்னீர்கள். பழுதை விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டால், மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை விமானம் கிளம்பக் கூடாது. சரக்கு தேங்கிவிடும், மேலே இருப்பவர்களின் முகம் சுருங்கிவிடும். அதனால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மெக்கானிக்கின் கையில் திணித்துவிடுவீர்கள். அவரும் நேரம் கிடைக்கும்போது பார்த்துவிடுவார். மூன்று தடவை புத்தகத்தில் எழுதிய ஒருவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடுத்த மாத டியூட்டிப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் காணாமல் போனது என்றீர்கள். அன்று அது எனக்குச் சாமர்த்தியமாகத்தான் பட்டது. கொடுக்க மறந்த சீட்டு அழுக்குச் சட்டையோடு வீட்டுக்கு வந்து சேரும் என்று யோசிக்கவே இல்லை.

இப்போது சொல்லப்போவதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சீட்டு கிடைத்த அதே நாளில்தான் பெரிய கம்பெனியின் கடிதமும் வந்தது. இரண்டையும் சாப்பாட்டு மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறுபத்திரண்டு மணி நேரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சீட்டை மிளகு டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு எண்ணை எழுதாமல் விட்டால் என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான். அந்த ஒரு நாளில் அந்த விமானம் இரண்டு தடவை மேலே போய் வந்திருக்கிறது. நல்லபடியாக வந்துவிட்டது. ஆனால் என்னை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

மறுநாள் உங்களுக்குப் போன் செய்து கேட்டேன். அதெல்லாம் மெக்கானிக்கிடம் வாயாலேயே சொல்லியாச்சு மேடம் என்றீர்கள். பொய் சொல்லும்போது மட்டும்தான் நான் உங்களுக்கு மேடம் ஆகிறேன். பதினோரு வருடத்தில் இதுகூடத் தெரியாதா எனக்கு? உடனே மெக்கானிக்குக்கே போன் போட்டேன். "எனக்குச் சீட்டும் வரல, சொல்லவும் இல்லம்மா. நீங்க போன்ல படிக்கிறத வச்சு நான் எப்படி விமானத்த நிறுத்துறது? புத்தகத்துல இருந்தா ஒரு நிமிஷத்துல நிறுத்திருவேன்" என்றார். அப்புறம், இரண்டாவது தடவை என்றா எழுதியிருக்கிறது என்று திரும்பக் கேட்டார். அவர் கேட்ட விதத்தில்தான் அந்த இரண்டு கோட்டை மறுபடியும் பார்த்தேன்.

உங்களோடு வேலை பார்க்கும் தாடிக்காரர் பல் பிடுங்க இரண்டு நாள் லீவில் வந்தவர், உங்கள் துணிப்பையை வாங்கிப்போக இன்று காலை வீட்டுக்கு வந்தார். இந்த வாரம் மூன்று தடவை அதில் பறந்தாராம். பெரியம்மாவுக்குக் கொஞ்சம் நடுக்கம், வயசானா நடுங்கத்தானே செய்யும் என்று வீங்கின கன்னத்தோடு சிரித்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சீட்டை எடுத்து நீட்டினேன். படித்துவிட்டுத் தண்ணீர் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். "எனக்கும் இதேதான் காட்டுச்சு. நானும் எழுதல" என்றார். நீங்கள் எழுதினால் தானும் அதன் கீழே எழுதுவாராம், முதலில் எழுத மட்டும் அவரால் முடியாதாம். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பாப்பா பள்ளிக்கூடம் போகும் வழியில் மேலே எது பறந்தாலும் நின்று கையாட்டுகிறாள். எல்லாத்திலும் அப்பா இருக்க மாட்டார்டி என்றால், தெரியும்மா, ஒருவேளை இருந்தா என்கிறாள். முன்பெல்லாம் நானும் சேர்ந்து கையாட்டுவேன். இப்போது என் கண் இடது பக்க எஞ்சினுக்குத்தான் போகிறது.

பட்டியல்படி வெள்ளிக்கிழமை காலை பெரியம்மாவை இங்கே கொண்டுவருவது நீங்கள்தான். துணிப்பையை எடுக்கச் சாயங்காலம் திரும்ப வரும் தாடிக்காரரோடு இந்தக் கடிதமும் பேருந்தில் வருகிறது, வியாழக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். நடுவில் ஒரு பகல் இருக்கிறது. சீட்டில் எழுதியதை அப்படியே புத்தகத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு கோட்டையும் சேர்த்துப் போடுங்கள். பட்டியலில் உங்கள் பெயர் இல்லாமல் போனால் போகட்டும். அந்த அறுபத்திரண்டு மணி நேரம் வேறெங்காவது கிடைக்கும், கிடைக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. பார்சல் கடைக்காரர் இன்னமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை விசாரிக்கிறார். எழுதிவிட்டு நீங்களும் பேருந்திலேயே வாருங்கள். பதினாறு மணி நேரம் ஆகும், இடுப்பு ஒடிந்துவிடும், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வருவீர்கள். வாருங்கள், வந்து திட்டுங்கள்.

நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முழுசாக வாசல் ஏறி வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,

அன்று உங்களைப் பிடித்துத் தள்ளிய உங்கள் மனைவி.

பி.கு.: சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். மை பட்டு ஈரமாக இருந்ததால் இஸ்திரி போட்டேன், எழுத்து நன்றாகத் தெரிகிறது. உங்கள் பேனா கசிகிறது என்று புதிதாக ஒன்று வாங்கித் துணிப்பையில் போட்டிருக்கிறேன். எழுதுகிறதா என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், நன்றாக எழுதுகிறது.