உனக்கு ஆகாதென்ற என் ரத்தம்

அக்கா,

நேற்று மத்தியானம் மாதா கோயில் மண்டபத்தில் அந்தப் பெட்டியை மறுபடியும் பார்த்தேன். வெள்ளை தெர்மாகோல் பெட்டி. மூடியைத் தூக்கியதும் உள்ளிருந்து புகை வந்தது. புகை என்றால் மேலே போக வேண்டும். இது பெட்டியின் விளிம்பைத் தாண்டி, மேசை விரிப்பில் ஊர்ந்து, கீழே வழிந்து, என் கால் விரல்களைத் தொட்டுவிட்டு மறைந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கு முழங்கால் வரை சில்லிட்டது.

நீ முதல் தடவை அதைப் பார்த்தபோது சிரித்தாய். வடக்கே அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் உன் ரத்தத்தைப் பிரித்து, உறைய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்ப உலர்பனி போட்ட பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் நாம் இரண்டு பேரும். "ஏலே, எனக்கு இப்பவே சாம்பிராணி போடுதாங்க பாத்தியா," என்றாய். "வாயை மூடுக்கா," என்றேன் நான். பக்கத்தில் இருந்த நர்ஸ் நம்மை ஒரு மாதிரி பார்த்தாள்.

உன் வியாதி ஒரு வெள்ளைத் துணியில்தான் தொடங்கியது. முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்குக் கவுன் தைக்க உன்னை விட்டால் நம் தெருவில் ஆள் ஏது? ஒரு நாள் ஊசி குத்திற்று. தையல்காரிக்கு ஊசி குத்துவது பெரிய காரியமா? ஆனால் ரத்தம் நிற்கவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நீ முழிக்கிறாய், கவுனின் மார்பில் சிவப்பாக ஒரு பொட்டு. சோப்புப் போட்டும் எலுமிச்சை தேய்த்தும் பழுப்பாக ஒரு வளையம் நின்றுவிட்டது. அதன் மேல் லேஸ் வைத்துத் தைத்துக் கொடுத்தாய். அந்தப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டுதான் பீடத்துக்குப் போயிற்று. லேஸுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கோயிலில் நம் இருவருக்கு மட்டும் தெரியும். பாட்டு முடிகிற வரைக்கும் என்னால் அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு உன் தொடையிலும் கையிலும் நீலம் நீலமாகத் தடம் விழுந்தது. யாரும் அடிக்கவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. படியேறினால் மூச்சு இரைத்தது. எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடம் வறண்டுவிட்டது என்றார் அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். கூடப் பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்தினால் ஏற்றிப் பார்க்கலாமாம். பரிசோதித்தார்கள். என்னுடையது முழுக்கப் பொருந்தியது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டேன். "எல்லாம் பொருந்திட்டாம்ல! அப்ப இம்புட்டு நாளும் எதுக்குலே சண்டை போட்டோம்?" என்றாய்.

அந்தச் சந்தோஷம் வெளிநாட்டிலிருந்து பதில் வருகிற வரைக்கும்தான். உன் ரத்தத்தின் மரபணு ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். அவர்கள் சேர்த்து வைத்திருந்த அத்தனை மனிதர்களில் ஒருவரிடமும் அந்த மாற்றம் இல்லையாம். யாரிடமும் இல்லாதது உன்னிடம் இருக்கிறதென்றால் உன்னை வறட்டியது அதுதான் என்று முடிவு கட்டினார்கள். என்னையும் பார்த்தார்கள். அதே மாற்றம் எனக்கும் இருந்தது.

"தம்பியோட ரத்தம் உங்களுக்கு ஆகாதும்மா," என்றார் பெரிய டாக்டர். "இதே கோளாறு அவருக்குள்ளயும் இருக்கு. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு அவருக்கும் வரலாம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் என் தோளில் தட்டினாய். "விடுலே. ஒன் ரத்தத்தை ஏத்தினா நானும் ஒன்ன மாதிரி சிடுமூஞ்சி ஆயிருவேன்."

வெளியாள் மஜ்ஜை கிடைக்குமா என்று உலகம் முழுக்கத் தேடினார்கள். மஜ்ஜை தர முன்வந்தவர்களின் பட்டியல்களிலும் நம்மைப் போன்றவர்கள் குறைவு. உனக்குப் பொருந்துகிறவர் எங்கேயாவது இருந்திருப்பார். சாத்தான்குளத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பார், திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்திருப்பார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாம் காத்திருந்தோம். கடைசியில் கஞ்சியைக் கூட நீ தள்ளிவிட்டாய். "வேண்டாம்லே, வாயெல்லாம் கசக்கு." சின்ன வயதிலிருந்தே உனக்குத் தனியாகப் படுக்கப் பயம். அந்த வார்டிலும் என் விரலைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னாய். "ஒத்தையில விடாதலே." விரலைப் பிடித்தபடியே போய்விட்டாய்.

உன்னை அடக்கம் பண்ணின மறுநாள் காலையில் குளிக்கப் போனவன் என் தொடையைத் திருப்பிப் பார்த்தேன். அதிலிருந்து தினமும் பார்க்கிறேன். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை; எங்கேயாவது இடித்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு நீலத்துக்கும் அது மஞ்சளாகி மறைகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். என் மகள் சைக்கிளில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் காயத்தை விட்டுவிட்டு அவள் முகம் வெளுக்கிறதா என்று பார்ப்பேன். "பேயறைஞ்ச மாதிரி நிக்காதீங்க," என்பாள் என் மனைவி. நான் நீ வருவாய் என்று காத்திருந்தேன் அக்கா. என் உடம்புக்குள்ளிருந்து வருவாய் என்று.

போன வருஷம் அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசு. நம் கரையோர ஊர்களில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களின் ரத்தம் வேண்டும் என்றாள். சாமியார் பூசையில் அறிவித்தார், ஜனங்கள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். நேற்று அதன் முடிவைச் சொல்லவும், விருப்பப்பட்டவர்களிடம் இன்னொரு தடவை ரத்தம் எடுக்கவும் வந்திருந்தாள். ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். ரகசியம்தான். ஆனால் நம் ஆட்கள் வாயில் ரகசியம் நிற்குமா?

சங்கு குளிக்கிற ஒருவர் முதலில் வெளியே வந்தார். நெஞ்சு தேக்குப் பலகை போல இருந்தது. "ரத்தத்துல ஏதோ எழுத்து மாறிக் கெடக்காம். ஒண்ணுஞ் செய்யாதாம்." அடுத்து மீன் விற்கிற ஒரு கிழவி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே. "எனக்கும் அதாம்லே இருக்காம்." அப்புறம் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணாச்சி. "எனக்கும்." பின் வரிசையில் யாரோ சிரித்துக்கொண்டே, "எனக்குந்தான்." நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். உன்னைக் கொன்றதாகச் சொன்ன அதே சங்கதி, டீ குடித்துக்கொண்டும் விசிறிக்கொண்டும் மண்டபம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் சாடை தெரிந்தது. ஒருத்தியின் நெற்றி உன் நெற்றி. ஆர்மோனியக்காரரின் விரல்கள் உன் விரல்கள்.

என் முறை வந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "சார், இந்தக் கரையில இது நிறையப் பேருக்கு இருக்கு. இதால எந்தக் கெடுதலும் இல்ல. நீங்களும் உங்க பொண்ணும் பயப்பட வேண்டாம்."

"அப்போ ஏன் உலகத்துலயே இல்லன்னு சொன்னாங்க?"

"அன்னிக்கு அவங்க கையில இருந்த சாம்பிள் பெரும்பாலும் பணக்கார நாட்டு ஆளுங்களோடது. அங்க இல்லாததை எங்கயுமே இல்லன்னு நினைச்சுட்டாங்க. அதுல இந்தக் கரை ஆளு ஒருத்தரும் இல்ல; இங்கேருந்து அங்க போன முதல் ரத்தம் உங்க அக்காவோடதுதான்."

கன்டெய்னரில் மேலே இருக்கிற இரண்டு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மொத்தச் சரக்கும் இதுதான் என்று நான் எழுதினால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் இந்தப் பெண்ணிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"நான் அன்னைக்குக் குடுத்திருக்கலாமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "பிழைச்சிருப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது சார். ஆனா குடுத்திருக்கலாம்."

வெளியே எங்கோ ஒரு பிள்ளை சிரித்தது. அவளுக்கே பொறுக்கவில்லை போலும், போனை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "உங்களுக்குச் சொல்லாம இருக்கக்கூடாது. அவங்க ரத்த அணுக்களை அந்த வெளிநாட்டு லேப்ல இன்னும் வளர்க்கிறாங்க. அக்கா கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுதான். நல்லா இருக்காங்க." நாக்கைக் கடித்துக்கொண்டு, "அணுக்கள் நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்," என்றாள்.

போனில் ஓடிய வீடியோவைப் பார்த்தேன் அக்கா. வட்ட வட்டமாக, வேகாத ஜவ்வரிசி போல. ஒன்றும் தனியாக இல்லை. ஒன்றையொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. மெல்ல அசைந்தன. சிவப்பாக ஒரு தண்ணீர் ஊற்றுவார்களாம், அதுதான் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் அது மஞ்சளாகிவிடுமாம். உடனே மாற்றி ஊற்ற வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கூட யாராவது வந்து ஊற்றிவிட்டுப் போகிறார்களாம். கஞ்சியைத் தள்ளிவிட்ட நீ அங்கே யார் கையாலோ வயிறாரச் சாப்பிடுகிறாய். உனக்கு வயசும் ஏறவில்லை. இப்போது நான்தான் உனக்கு மூத்தவன்.

"வேண்டாம்னு நீங்க சொன்னா நிறுத்திடச் சொல்றேன்," என்றாள். "உங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

நிறுத்து என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மண்ணுக்குள் ஒரு நீ, கடலுக்கு அப்பால் சீசாவுக்குள் ஒரு நீ. இது என்ன பிழைப்பு என்று தோன்றியது. அந்த நேரம் பக்கத்து மேசையில் அவளோடு வந்தவர்கள் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். புகை மேசையிலிருந்து வழிந்து என் காலடிக்கு வந்தது. நீ விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்தது. அங்கே அத்தனை வேற்று ஊர்க்காரர்களின் அணுக்களுக்கு நடுவே, நம் கரையில் பிறந்த ஒருவரும் துணைக்கு இல்லாமல், இத்தனை வருஷம் நீ ஒத்தையில் கிடந்திருக்கிறாய்.

"இருக்கட்டும்," என்றேன். "என்னோடதையும் எடுத்துக்கங்க. வளர்க்க முடியும்னா வளருங்க. அவ பக்கத்துல வைங்க."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். குழாய் நிரம்புவதை நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். எனக்குப் பிறகு மீன்காரக் கிழவி கையை நீட்டினாள், அவளுக்குப் பின்னால் ஆர்மோனிய அண்ணாச்சி.

இன்று காலை யார்டில் இறால் ஏற்றிய குளிர் கன்டெய்னர்கள் வரிசையாக நின்று முனகிக்கொண்டிருந்தன. தினமும் கேட்கிற சத்தம்தான். இன்று உன் பெட்டி ஞாபகம் வந்து அதன் நடுவே நடந்து போக முடியவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். குளிக்கும்போது பழக்கதோஷத்தில் தொடையைப் பார்த்திருந்தேன். ஒன்றும் இல்லை. இனி ஒன்றும் வராது என்றும் தெரியும். அப்படியும் கை இடுப்புக்குப் போயிற்று. மஜ்ஜை எடுக்க ஊசி இங்கேதான் குத்துவோம் என்று பெரிய டாக்டர் ஒரு நாள் பேனாவால் புள்ளி வைத்துக் காட்டினாரே, அந்த எலும்புக்கு. அந்த மை என்றைக்கோ போய்விட்டது. ஆகாது என்று சொன்னது இந்த எலும்புக்குத் தெரியாது அக்கா. உனக்குக் கொடுக்க வேண்டியதை அது இன்னும் ஊற வைத்துக்கொண்டே இருக்கிறது.