நீல வளையங்கள்

11 அக்டோபர் 1997, சனிக்கிழமை. ஃப்ரீமாண்ட்.

ஜப்பானிய மரக்கட்டை அச்சு வகுப்பில் இன்று உருவமே இல்லாத படம். கட்டையில் நீல மையைப் பூசி, மேலே காகிதத்தை விரித்து, அதன் முதுகை ஒரு வட்டத் தட்டால் தேய்க்க வேண்டும். நேராகத் தேய்த்தால்தான் நிறம் சமமாக விழும். என் கை கேட்கவில்லை. நடுவில் ஆரம்பித்து வளையம் வளையமாக வெளியே போயிற்று. காகிதத்தை உரித்தால் அத்தனை வளையமும் தெரிகிறது.

கசக்கப் போனேன். டீச்சர் மிச்சிகோ கையைப் பிடித்துவிட்டார். "நோ, நோ! வேர் டிட் யூ லேர்ன் திஸ்?" என்றார். கண்காட்சியில் வைக்கப்போகிறாராம். எனக்கே தெரியாததை என்னவென்று சொல்வது? சிரித்து மழுப்பினேன்.

வீட்டில் கணவர் ரவி பார்த்த உடனே, "என்ன, தோசையை ஃப்ரேம் பண்ணப் போறியா?" என்றார். நான் எதைச் செய்தாலும் இவருக்குச் சாப்பாடுதான் ஞாபகம் வரும். எரிச்சலோடுதான் மாவை ஊற்றினேன். ஆனால் கண் கரண்டியிலேயே இருந்தது. அதே சுற்றுதான். படத்தில் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது.

அடுப்பை அணைத்த பிறகுதான் புரிந்தது. நான் தேய்த்தது காகிதத்தின் முதுகில். படம் விழுந்தது அடியில். திருப்பிப் பார்த்தால் சுற்று மாறித்தானே தெரியும். பதினோரு வருஷமாகத் தோசைக்கல் மட்டுமே கீழிருந்து பார்த்துவந்த என் கையை, இன்றுதான் நான் பார்த்திருக்கிறேன்.