அப்பாவின் நாற்பது நிமிடங்கள்

மார்ச் 3, செவ்வாய்

அப்பா வீட்டில் டப்பாவை வைத்துவிட்டு வந்தேன். ஆபீஸில் நாங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'துணை'. தனியாக இருக்கும் வயதானவர்களோடு பேசும் கருவி. எட்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டு நான் வடிவமைத்தது. அப்பா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இந்த டப்பாவா பேசும்?" என்றார். அதோடு பெயர் மாறிவிட்டது.

தினமும் மாலை ஐந்தரைக்கு அதுவே பேச்சைத் தொடங்கும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் என் போனில் சிவப்பு விழும். பேசினால் பச்சை. என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, எத்தனை நிமிடம் என்று மட்டும் தெரியும். ஐந்தரை என்று நேரம் குறித்ததும் நான்தான். சாயங்காலத்தில்தான் தனிமை அதிகம் என்று எங்கள் கணக்கெடுப்பு சொல்கிறது.

கிளம்பும்போது, "நீங்க பேசினாத்தான்ப்பா எனக்கு வேலை நிலைக்கும்" என்றேன். சும்மா தமாஷுக்கு.

மார்ச் 5, வியாழன்

இரண்டு நாளும் சிவப்பு. கூட்டத்தின் நடுவில் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "சொந்த அப்பாவே கண்டுக்கல போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. வெளியே வந்து அப்பாவைப் போனில் காய்ச்சி எடுத்தேன். "அஞ்சரைக்கு அப்படி எங்கப்பா போறீங்க? ஒரு இடமா வீட்ல இருக்க முடியாதா?"

 "சரிம்மா, இருக்கேன்" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

பச்சை! பன்னிரண்டு நிமிடம்.

மார்ச் 22, ஞாயிறு

இப்போதெல்லாம் தினமும் நாற்பது நிமிடம். ஒரு நாள்கூடக் குறைவதில்லை. அம்மா போன பிறகு இந்த மனுஷன் என்னிடம் நாற்பது நிமிடம் பேசியதாக நினைவில்லை. நான் மட்டும் என்ன கிழித்தேன்? மாத்திரை போட்டாச்சா, சாப்பிட்டாச்சா, மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் பேசறேன். அவ்வளவுதான். டப்பாவைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

ஞாயிறுதோறும் கூப்பிடுவேன். இன்று கூப்பிடவில்லை. பச்சையாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

முதியோர் இல்லங்கள் நடத்தும் நிறுவனத்தார் வந்திருந்தார்கள். அப்பாவின் படத்தைப் பெரிய திரையில் போட்டேன். "முதல் நாள் பன்னிரண்டு நிமிஷம். இப்ப நாற்பது. இவர் என் அப்பா." ஒரே கைதட்டல். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுநூறு கருவி வாங்குவதாகப் பேச்சு. கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

ஏப்ரல் 18, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மாலை சொல்லாமல் கொள்ளாமல் அப்பா வீட்டுக்குப் போனேன். தெருமுனைத் தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். "ஏம்மா, உங்கப்பாவுக்கு எங்க மேல என்ன கோவம்? ஒன்றரை மாசமா இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கலையே!"

பதினோரு வருடமாகத் தினமும் ஐந்தரைக்கு இருவரும் அந்தக் கடையில் செஸ் ஆடுவார்களாம். பதினோரு வருடம்! மகள் எனக்குத் தெரியாது. துணிக்கட்டுகளுக்கு மேலே பலகை, காய்கள் வைத்தது வைத்தபடி. "அவர் நகர்த்த வேண்டிய ஆட்டம். கலைக்க மனசு வரல" என்றார்.

மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. அப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். டப்பாவுக்கு எதையோ படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். டப்பாவோடு வந்த கையேடு! "ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது." தொண்டை கட்டியிருந்தது. டப்பா, "அடடா, சுவாரசியமா இருக்கே! இன்னும் சொல்லுங்க" என்றது. அந்த வரியை எழுதியவள் நான்.

"என்னப்பா பண்றீங்க?"

திருடி மாட்டிக்கொண்டவர் போலத் திடுக்கிட்டார். "பேப்பர் பூரா படிச்சு முடிச்சுட்டேம்மா. இன்னும் ஒன்பது நிமிஷம் பாக்கி. நாப்பது ஆனாத்தான் இது சபாஷ்னு சொல்லிட்டு வாயை மூடுது. குறைஞ்சா உனக்கு ஆபீஸ்ல கெட்ட பேராச்சே."

"செஸ் ஆடப் போக வேண்டியதுதானேப்பா?"

"அஞ்சரைக்கு வீட்ல இருக்கச் சொன்னியேம்மா."

சொன்னேன். நான்தான் சொன்னேன். நாற்பதுக்கு சபாஷ் வைத்ததும் நான்தான். பாவி. சிநேகிதரோடு ஆடிக்கொண்டிருந்த மனுஷனை இழுத்துவந்து தனியாக உட்கார வைத்து, அதை ஊருக்குக் காட்டிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். சாயங்காலம் எங்கே போவீங்கப்பா என்று திட்டாமல் ஒரு தரம் கேட்டிருந்தால் போதுமே? ஊரில் உள்ள கிழவர்களையெல்லாம் கேட்டு அறிக்கை எழுதினேன். இவரைக் கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

பிளக்கைப் பிடுங்கினேன். அப்பா பதறிப்போனார். "ஐயோ, சிவப்பு வந்துருமேம்மா!"

ஏப்ரல் 20, திங்கள்

மேலாளரிடம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். "வெள்ளிக்கிழமை கையெழுத்து!" என்று வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். "ஃபைல் அனுப்பிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்காக அப்பா தொண்டை கட்டப் படித்தார். எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

ஏப்ரல் 21

இன்றும் சொல்லவில்லை. சீ.

ஏப்ரல் 23, வியாழன்

சொல்லிவிட்டேன். "அந்த நாற்பது நிமிஷம் பொய் சார். என் வேலை போயிடக் கூடாதுன்னு எங்கப்பா பேப்பர் படிச்சுக் காட்டியிருக்கார்."

"நம்பர் நல்லாத்தானே இருக்கு? எதுக்கும்மா நோண்டறீங்க?"

"நாளைக்கு கையெழுத்துப் போட வர்றவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மனுஷன் முகம் செத்துப்போயிற்று. கடைசியில் அவரே போன் செய்தார். ஒப்பந்தம் தள்ளிப்போய்விட்டது. சோதனைக்குக் கருவி வைத்த வீடுகளுக்கெல்லாம் நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. மதியம் யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

மே 12, செவ்வாய்

இதுவரை ஐந்து வீடு. ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் நிஜமாகவே டப்பாவோடு சண்டை போட்டுச் சிரிக்கிறார். "எடுத்துட்டுப் போனீங்கன்னா கையை உடைப்பேன்" என்றார். ஒருவர் டிவிக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுத் தூங்குகிறார். மற்ற மூன்று வீட்டிலும் என் அப்பாதான்: பிள்ளை கோபித்துக்கொள்ளும் என்று பேசுகிறார்கள்.

நாற்பதையும் சபாஷையும் சிவப்பையும் எடுத்துவிட்டேன். இனி கருவி வைப்பதற்கு முன்னால் நாங்கள் போய் ஒரு சாயங்காலம் அவர்களோடு இருந்துவிட்டு வர வேண்டும். மேலாளர் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மே 30, சனி

ஐந்தேமுக்காலுக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் தையல் மிஷின் விட்டுவிட்டு ஓடும் சத்தம்.

"என்னம்மா, ஏதாவது அவசரமா?"

"இல்லப்பா, சும்மாதான் பேசலாம்னு."

"ஆட்டம் சூடா போயிட்டிருக்கு. அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டார்.

அப்புறம் பேசறேன். எத்தனை வருடமாக அவரிடம் நான் சொல்லிவந்த வார்த்தை. கேட்டுவிட்டு அவரும் இப்படித்தான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரோ?

ஏழு மணிக்கு ஆட்டம் முடிந்துவிடும் என்று தையல்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இப்போது ஆறேகால். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.